நிற்காத ஹீற்றர்: ஒரு தெர்மோஸ்ரற் கற்பித்த பாடம்



இங்கிலாந்தில் குளிர் தொடங்கியதும் கராஜிலும் பின்வளவு ஷெட்டிலும் வேலை செய்பவர்கள் தேடுவது மின்சார ஹீற்றரைத்தான். தச்சுவேலை செய்பவர், சைக்கிள் திருத்துபவர், தையல் மெஷின் வைத்திருப்பவர் என்று எங்கள் குடும்பங்களில் பலரிடம் இப்படி ஒரு ஹீற்றர் இருக்கும். இரும்புக் கூட்டுக்குள் விசிறியும் சுடும் எலிமென்ற்றும் உள்ள 3 கிலோவாற்று ஹீற்றரே பெரும்பாலும் காணப்படுவது. அதில் அடிக்கடி பழுதாகும் உறுப்பு தெர்மோஸ்ரற். அதை எப்படிச் சோதிப்பது, எப்படி மாற்றுவது, எந்த இடத்தில் நாம் கையை எடுத்துவிட வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம். உயர்தர வகுப்பில் பௌதிகம் படிக்கும் பிள்ளைகளும் உடன் இருந்து வாசித்தால் நல்லது.

இதை எழுதத் தூண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. ஒரு தை மாதத்துக் காலை, ஆறு மணி இருக்கும். என் மனைவியின் தம்பி பேசினார்.

"அத்தான், நீங்கள் தந்த ஹீற்றர் இரவு முழுக்க நிக்காமல் எரிஞ்சிருக்கு. ஷெட்டுக்குள்ள கால் வைக்கேலாமல் வெக்கை. பக்கத்தில கிடந்த பலகை கருகின மணம் வருது."

"இப்பவும் எரியுதோ தம்பி?"

"இல்லை, தானா நிண்டுபோச்சு. பிளக் மண்ணிறமாய்ப் போய்க் கிடக்கு."

முதல் நாள் இரவு உறைபனி என்று வானிலை அறிவிப்பில் சொன்னார்கள். ஷெட்டுக்குள் இருந்த தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கட்டும் என்று, குமிழை மிகக் குறைந்த இலக்கத்தில் வைத்துவிட்டு அவர் படுக்கப் போயிருக்கிறார். அந்த இலக்கத்தில் ஷெட் 5 பாகை அளவுக்கு வந்ததும் ஹீற்றர் நின்றிருக்க வேண்டும். அது நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதைக் கட்டுரையின் நடுவில் சொல்கிறேன்.

தெர்மோஸ்ரற் என்ன செய்கிறது?

தமிழில் இதை வெப்பநிலை நிறுத்தி எனலாம். குளிர்ந்தால் மின்னை இணைக்கும், சூடானால் துண்டிக்கும். வெப்பத்தை உணர்ந்து தானே இயங்கும் ஒரு சுவிச், அவ்வளவுதான்.

உலோகங்கள் சூட்டில் விரியும் என்பதும், ஒவ்வொன்றும் வேறு அளவில் விரியும் என்பதும் தெரிந்ததே. ஒரு மீற்றர் நீளமான பித்தளைக் கோலை 100 பாகை சூடாக்கினால் அது ஏறக்குறைய 1.9 மில்லிமீற்றர் நீளும். இன்வார் எனப்படும் நிக்கல் கலந்த உருக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர்தான் நீளும். இவ்விரண்டையும் மெல்லிய தகடுகளாக ஒட்டிச் சூடாக்கினால், அதிகம் நீளும் பக்கம் வெளிப்புறமாக இருக்கும்படி தகடு வளையும். இந்த வளைவால் ஒரு தொடுகையைத் திறக்கவும் மூடவும் முடியும். இதுவே ஈருலோகத் தகடு. கடல் மணிக்கூடுகள் செய்த ஜோன் ஹரிசன் 18ஆம் நூற்றாண்டிலேயே இதைத் தம் மூன்றாவது மணிக்கூட்டில் பயன்படுத்தினார். தெர்மோஸ்ரற் என்ற பெயரில் இப்படியொரு கருவிக்குக் காப்புரிமை பெற்றவர் ஸ்கொற்லாந்தைச் சேர்ந்த அன்றூ யூர். ஆண்டு 1830. எங்கள் வீட்டு அயன்பெட்டியும் கேத்திலும் 'டிக்' என்று தாமே நிற்பது இந்தத் தகட்டினால்தான்.

வேலைக்கூட ஹீற்றர்களில் இன்னொரு வகையும் மிகுதியாக உண்டு. குமிழுக்குப் பின்னால் ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதிலிருந்து நூல் போன்ற ஒரு செப்புக் குழாய் புறப்படும். இதை மயிர்த்துளைக் குழாய் என்று பாடசாலையில் படித்திருப்போம். குழாயின் நுனியில் பென்சில் துண்டளவில் ஒரு குமிழ்முனை அல்லது குழாயே சுற்றிய ஒரு சுருள் இருக்கும். உள்ளே ஒரு திரவம் அடைக்கப்பட்டிருக்கிறது. காற்று சூடானால் திரவம் விரிந்து பெட்டிக்குள் உள்ள மெல்லிய தகட்டைத் தள்ளும். தகடு சுவிச்சைத் திறக்கும். நாம் குமிழைத் திருப்பும்போது, எவ்வளவு தள்ளினால் சுவிச் திறக்க வேண்டும் என்பதை மாற்றுகிறோம். காற்றின் சூட்டைக் குமிழ்முனைதான் உணர்கிறது. ஆகையால் அது விசிறி காற்றை உள்ளிழுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நிற்கும் வெப்பநிலையும் மீண்டும் தொடங்கும் வெப்பநிலையும் ஒன்றல்ல. இடையே சில பாகை வித்தியாசம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் சுவிச் நிமிடத்துக்குப் பலமுறை திறந்து மூடித் தொடுகைகள் கருகிவிடும். ஆகவே 18 பாகையில் நின்ற ஹீற்றர் 15இல் தொடங்கினால் அது பழுதல்ல.

மின் செல்லும் வழி

பிளக்கிலுள்ள பியூசிலிருந்து உயிர்க்கம்பி, அதாவது மண்ணிறக் கம்பி, புறப்படுகிறது. முதலில் விசிறி, அரைச்சூடு, முழுச்சூடு என்று தெரிவு செய்யும் சுவிச். அடுத்தது தெர்மோஸ்ரற். அதற்கு அடுத்தது தேர்மல் கட்-அவுட் எனப்படும் வெப்பக் காவல் சுவிச். அதன்பின் எலிமென்ற். பின்னர் நீல நிற நொதுமல் கம்பி வழியாகத் திரும்புகிறது. பச்சையும் மஞ்சளும் கலந்த புவிக்கம்பி இரும்புக் கூட்டுடன் பிணைக்கப்பட்டிருக்கும். சில மாதிரிகளில் இந்த ஒழுங்கு மாறும், ஆனால் உறுப்புகள் இவையே.

தெர்மோஸ்ரற்றும் காவல் சுவிச்சும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றலாம். அப்படியல்ல. தெர்மோஸ்ரற் தினமும் பலமுறை வேலை செய்யும் சேவகன். காவல் சுவிச் என்றோ ஒருநாள் ஆபத்தில் மட்டும் எழும்பும் காவற்காரன். விசிறி நின்றாலோ காற்று வழி அடைபட்டாலோ அது மின்னைத் துண்டிக்கும். காவற்காரனைத் தினமும் சேவகன் வேலை செய்ய வைத்தால் அவனும் ஒருநாள் விழுந்துவிடுவான்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பிரித்தானியாவின் மின்னழுத்தம் 1995 முதல் 230 வோல்ற்று என அறிவிக்கப்பட்டது. 10 வீதம் கூடலாம், 6 வீதம் குறையலாம். ஆகவே வீட்டுக்கு வருவது 216க்கும் 253க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். பல வீடுகளில் 240ஐ அண்டியே இருக்கும். 230 வோல்ற்றில் 3000 வாற்று தரும் ஹீற்றர் 13 அம்பியர் இழுக்கும். அதன் தடை 230ஐ 230ஆல் பெருக்கி 3000ஆல் வகுக்க வருவது, அதாவது 17.6 ஓம். அதே ஹீற்றருக்கு 240 வோல்ற்று கிடைத்தால் மின்னோட்டம் 13.6 அம்பியர் ஆகும். எங்கள் மூன்றுகால் பிளக்கின் பியூஸ் 13 அம்பியர்தான். இந்த ஹீற்றர் ஒரு பிளக் தாங்கக்கூடிய எல்லையிலேயே எப்போதும் வேலை செய்கிறது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். தளர்ந்த ஒரு திருகாணி, கருகிய ஒரு தொடுகை என்று எந்தச் சிறு குறையையும் அது மன்னிக்காது.

குறிகளும் காரணங்களும்

1. விசிறி சுழல்கிறது, சூடு வரவில்லை. தெர்மோஸ்ரற்றின் தொடுகை கருகியிருக்கலாம். காவல் சுவிச் விழுந்திருக்கலாம். எலிமென்ற் அறுந்திருக்கலாம். அறை ஏற்கனவே போதிய சூட்டில் இருக்கவும் கூடும். முதலில் குமிழை உச்சத்துக்குத் திருப்பிப் பாருங்கள்.

2. சூடு விட்டுவிட்டு வருகிறது, தட்டினால் வருகிறது. தொடுகை கருகியிருக்கிறது அல்லது கம்பி முனை தளர்ந்திருக்கிறது. தட்டித் தட்டிப் பாவிப்பது ஆபத்து.

3. எந்த இலக்கத்தில் வைத்தாலும் நிற்பதில்லை. தொடுகைகள் உருகி ஒட்டியிருக்கலாம். மயிர்த்துளைக் குழாய் வெடித்துத் திரவம் வெளியேறியிருக்கலாம். திரவம் போனால் தள்ள எதுவும் இல்லை, ஆகவே சுவிச் மூடியபடியே இருக்கும். குமிழ் தண்டில் வழுக்கிச் சுழலவும் கூடும்.

4. நிற்கிறது, ஆனால் மிகவும் பிந்தி நிற்கிறது. குமிழ்முனையில் மரத்தூளோ பஞ்சோ படிந்திருக்கிறது. தூசு ஒரு போர்வை. போர்வைக்குள் இருப்பவருக்கு அறை சூடானது தெரியாது.

5. அடிக்கடி 'டிக் டிக்' என்று நின்று நின்று எரிகிறது. கதவு இடுக்கிலிருந்து வரும் குளிர்காற்று அல்லது சுவரில் பட்டுத் திரும்பும் சூடு குமிழ்முனையில் படுகிறது. ஹீற்றரை இடம் மாற்றினாலே போதும்.

எரியாத ஹீற்றர் எங்களைக் குளிரில் விடும். நிற்காத ஹீற்றர் வீட்டையே எரிக்கும். ஆகவே மூன்றாவது குறி கண்டவுடன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். "இன்றைக்கு மட்டும் பார்ப்போம்" என்ற பேச்சு வேண்டாம்.

திறக்கும் முன்

இக்கட்டுரை பிளக்கில் செருகும், குமிழ் உள்ள சாதாரண ஹீற்றருக்கு மட்டுமே. சுவரில் நிலையாக இணைத்த ஹீற்றர், மூன்று பேஸ் ஹீற்றர், திரையும் பொத்தான்களும் உள்ள புதிய வகை ஆகியவற்றைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். உத்தரவாதக் காலம் முடியாததையும் திறக்க வேண்டாம், கடைக்கே கொண்டுபோங்கள். அந்த மாதிரி பாதுகாப்புக் காரணத்தால் திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் உற்பத்தியாளரின் அறிவிப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, உங்கள் கண் முன்னே மேசையில் வையுங்கள். சுவர்ச் சுவிச்சை மட்டும் நிறுத்துவது போதாது. பிள்ளைகள் யாரும் தெரியாமல் செருகாதபடி பிளக்கைச் சுற்றி ஒரு ரேப் ஒட்டுவது என் வழக்கம். முழுதாகக் குளிர ஒரு மணித்தியாலம் விடுங்கள்.

தேவையானவை: ஸ்குரூ ட்றைவர், சிறு குறடு, மெல்லிய தூரிகை, ஓம் அளக்கக்கூடிய மல்ரிமீற்றர். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்று ஞாபகத்தை நம்பக்கூடாது.

அளந்து பார்த்தல்

மீற்றரை மிகக் குறைந்த ஓம் நிலையில் வைத்து, முதலில் அதன் இரு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். 0.2 அல்லது 0.3 என்று காட்டலாம். அது மீற்றர் கம்பிகளின் தடை. இனி வரும் எல்லா அளவிலும் அதைக் கழிக்க வேண்டும்.

முதற் சோதனை தெர்மோஸ்ரற். அதன் இரு முனைகளில் ஒன்றிலிருந்தாவது கம்பியைக் கழற்றுங்கள். கழற்றாமல் அளந்தால் வேறு வழியாகச் செல்லும் மின் உங்களை ஏமாற்றும். சாதாரண அறை வெப்பநிலையில் குமிழை மிகக் குறைவாக வைத்தால் மீற்றர் தொடர்ச்சி இல்லை என்று காட்ட வேண்டும். மெதுவாகக் கூட்டினால் ஓரிடத்தில் 'டிக்' கேட்டு, அளவு பூச்சியத்தை அண்ட வேண்டும். பின்பு குமிழை அந்த 'டிக்' கேட்ட இடத்தைச் சற்றே தாண்டி வைத்து, குமிழ்முனையை உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். உடற்சூட்டில் சிறிது நேரத்தில் மீண்டும் 'டிக்' கேட்டுத் தொடர்ச்சி அற வேண்டும். இது நடந்தால் திரவம் உள்ளே இருக்கிறது.

குறைந்த இலக்கத்திலும் தொடர்ச்சி இருந்தால், தொடுகை ஒட்டியிருக்கிறது அல்லது திரவம் போய்விட்டது. உச்சத்திலும் தொடர்ச்சி இல்லையென்றால் தொடுகை கருகிவிட்டது. 'டிக்' கேட்டும் அளவு அரை ஓம், இரண்டு ஓம் என்று தளம்பினால் தொடுகை கருகத் தொடங்கியிருக்கிறது. அரை ஓம்தானே என்று எண்ணாதீர்கள். 13 அம்பியர் அந்த அரை ஓமூடாகச் சென்றால் 13ஐ 13ஆல் பெருக்கி அரையால் பெருக்க வருவது 84.5 வாற்று. பழைய கால மேசைவிளக்கு பல்ப் ஒன்றின் சூட்டைவிட அதிகமானது, ஒரு பயறளவான இடத்தில் குவிகிறது. பிளாஸ்ரிக் உருகுவதும் கம்பி கறுப்பதும் இதனால்தான்.

ஒன்றை நினைவில் வையுங்கள். மல்ரிமீற்றர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். அதில் சரியாகத் தெரியும் தொடுகை, 13 அம்பியரில் கைவிடக்கூடும். ஆகவே கண்ணாலும் பாருங்கள். கறுத்த முனை, நிறம் மாறிய பிளாஸ்ரிக், மொறுமொறுப்பான கம்பி உறை எல்லாம் சாட்சிகள்.

இரண்டாவது சோதனை எலிமென்ற். இரண்டு 1.5 கிலோவாற்று எலிமென்ற்றுகள் இருந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35 ஓம் காட்டும். இரண்டும் சேர்ந்தால் 17 அல்லது 18 ஓம். முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. எலிமென்ற் முனைக்கும் இரும்புக் கூட்டுக்கும் இடையே எந்தத் தொடர்ச்சியும் இருக்கக்கூடாது. ஈரமான ஷெட்டில் மாதக்கணக்கில் கிடந்த ஹீற்றரைப் போட்டவுடன் வீட்டு ட்ரிப் சுவிச் விழுந்தால், எலிமென்ற்றுக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம். இதைச் சாதாரண மீற்றர் காட்டித்தராது. 500 வோல்ற்றில் சோதிக்கும் கருவி மின்பணியாளரிடம் இருக்கும்.

மூன்றாவது காவல் சுவிச். குளிர்ந்த நிலையில் அது தொடர்ச்சி காட்ட வேண்டும். மீளமைக்கும் பொத்தான் இருந்தால், அதை அமுக்கும் முன் "ஏன் விழுந்தது?" என்று கேளுங்கள்.

நான் கண்டது

இனி என் மைத்துனரின் ஹீற்றருக்கு வருவோம். அன்று பின்னேரமே அதை என் கராஜுக்குக் கொண்டுவந்து, மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்தேன். காற்று உள்ளிழுக்கும் வலையில் மரத்தூள் கம்பளி போலப் படிந்திருந்தது. காவல் சுவிச் விழுந்திருந்தது. தெர்மோஸ்ரற்றின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு விரல் நீளத்தில் ஒரு மண்ணிற வயர் துண்டு இருந்தது.

"அப்பா, இது ஏன்?" என்று மகன் கேட்டான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த வயரைப் போட்டவன் நானே.

இரண்டு வருடங்களுக்கு முன், மகளுக்கு ஒரு புத்தக அலுமாரி செய்துகொண்டிருந்தேன். பசை காய்வதற்குச் சூடு வேண்டியிருந்தது. ஹீற்றர் சூடு தரவில்லை. சோதித்தபோது தெர்மோஸ்ரற் தொடுகை கருகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு, கடை இல்லை. 'ஒரு இரவுக்கு மட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்தானே' என்று இரு முனைகளையும் நேரே இணைத்துவிட்டேன். வேலை முடிந்தது. வசந்தம் வந்தது. ஹீற்றர் மூலைக்குப் போனது. அடுத்த வருடம் மைத்துனர் ஷெட் கட்டியபோது, "நல்ல ஹீற்றர், கொண்டு போம்" என்று தூக்கிக் கொடுத்தேன். குமிழ் இருந்தது, இலக்கங்கள் இருந்தன. அவர் அதை நம்பினார். நம்பாமல் விட அவருக்கு என்ன காரணம்?

அன்றிரவு ஷெட்டைக் காப்பாற்றியது காவல் சுவிச் ஒன்றுதான். மரத்தூள் அடைத்ததால் காற்றோட்டம் குறைந்து, உள்ளே சூடு ஏறி, அது விழுந்தது. அந்த ஷெட்டில் இரண்டு தின்னர் டின்களும் இருந்தன என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இதை மைத்துனரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அத்தான், பிள்ளையள் அதுக்குள்ள விளையாடுறவையள்" என்று மட்டும் சொன்னார். இதை அச்சில் எழுதுவது எனக்குப் பெருமையல்ல. ஆனால் எங்களில் பலரிடம் இப்படி 'ஒரு இரவுக்கு' போட்ட வயர்கள் இருக்கக்கூடும். அதனால் எழுதுகிறேன்.

புதியதைத் தெரிதலும் பொருத்தலும்

கருகிய தொடுகையை மண்தாளால் உரசிச் சரிசெய்ய வேண்டாம். தொடுகையின் மேலுள்ள பூச்சு போய்விடும், சில கிழமையில் மீண்டும் கருகும். தெர்மோஸ்ரற்றை முழுதாக மாற்றுவதே சரி. ஹீற்றரின் அடியிலுள்ள தகட்டில் மாதிரி இலக்கம் இருக்கும். அதைக் கொண்டு உற்பத்தியாளரின் உதிரிப்பாகத்தைக் கேளுங்கள். கிடைக்காமல் வேறு ஒன்றை வாங்கினால் ஐந்து விடயங்கள் ஒத்துவர வேண்டும்.

முதலாவது, 250 வோல்ற்றில் குறைந்தது 16 அம்பியர் தாங்க வேண்டும். இரண்டாவது, வெப்பநிலை எல்லை அறைக்கு உரியதாக இருக்க வேண்டும். பார்வைக்கு ஒரேமாதிரி இருக்கும் அவண் தெர்மோஸ்ரற் 50 பாகைக்கு மேல்தான் தொடங்கும், அதைப் போட்டால் ஹீற்றர் நிற்கவே நிற்காது. மூன்றாவது, மயிர்த்துளைக் குழாயின் நீளம். நான்காவது, குமிழ் பொருந்தும் தண்டின் வடிவம். ஐந்தாவது, முனைகளின் எண்ணிக்கையும் ஒழுங்கும். சிலவற்றில் மூன்று முனைகள் உண்டு. தவறான முனையில் இணைத்தால் சூடானபோது எரியும், குளிர்ந்தபோது நிற்கும்.

பொருத்தும்போது குழாயைக் கூராக மடிக்க வேண்டாம், மெதுவான வளைவாக விடுங்கள். அது மின்முனைகளிலோ எலிமென்ற்றிலோ தொடக்கூடாது. குமிழ்முனையைப் பழைய இடத்திலேயே, அதே பிடியில் மாட்டுங்கள். கறுத்த கம்பி முனைகளை வெட்டி எறிந்து, வெப்பம் தாங்கும் புதிய முனைகளைச் சரியான குறட்டால் நசுக்கிப் பூட்டுங்கள். ஈயம் உருக்கி ஒட்டுவது இங்கே உதவாது. வழமையான ஈயப்பற்று 183 பாகையிலேயே இளகத் தொடங்கும். கம்பி மாற்றுவதானால் சிலிக்கன் உறை போட்ட, வெப்பம் தாங்கும் கம்பியே வேண்டும். வீட்டு வயர் துண்டு ஒன்றை உள்ளே போடாதீர்கள்.

எங்கள் ஹீற்றரில் தெர்மோஸ்ரற்றையும் காவல் சுவிச்சையும் பிளக்கையும் புதிதாக மாற்றினோம். மரத்தூளைத் தூரிகையால் துடைத்து உறிஞ்சி எடுத்தோம். அந்த மண்ணிற வயர் துண்டைக் கழற்றியவன் மகன்.

மூடிய பின் சோதனை

பிளக்கின் நீண்ட காலுக்கும் ஹீற்றரின் இரும்புக் கூட்டில் பெயின்ற் இல்லாத ஓர் இடத்துக்கும் இடையே அளவு பூச்சியத்தை அண்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் செருகவே கூடாது. பின்னர் சுற்றிலும் வெறுமையான நிலத்தில் வைத்து, ட்ரிப் சுவிச் உள்ள இணைப்பில் நேரே செருகுங்கள். குமிழைக் குறைத்தால் நிற்கிறதா, கூட்டினால் தொடங்குகிறதா என்று பாருங்கள். முழுச்சூட்டில் பத்து நிமிடம் விட்டு, நிறுத்தி, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. பிடிக்க முடியாத சூடு என்றால் பிளக்கிலோ சுவர் இணைப்பிலோ குறை இருக்கிறது. முதல் ஒரு மணித்தியாலம் பக்கத்தைவிட்டு அகலாதீர்கள். நான் செய்ததுபோல முழுப் பாகத்தையும் மாற்றியிருந்தால், ஒரு மின்பணியாளரைக் கொண்டு ஒருமுறை சோதிப்பித்துக்கொள்வது நல்லது. நானும் அப்படியே செய்தேன்.

மறக்கக்கூடாதவை

தெர்மோஸ்ரற்றையோ காவல் சுவிச்சையோ ஒரு நிமிடத்துக்கேனும் நேரே இணைக்க வேண்டாம். புதியது கிடைக்கும்வரை கம்பளிச் சட்டை போட்டு வேலை செய்யலாம்.

நீட்டிப்பு வயர் வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் 13 அம்பியருக்கு உரியதைச் சுருள் முழுதும் அவிழ்த்துப் பாவியுங்கள். சுருட்டிய நிலையில் தாங்கும் அளவு மிகக் குறைவு, அது சுருளிலேயே எழுதப்பட்டிருக்கும்.

தின்னர், பெற்றோல், வார்னிஷ் மணக்கும் இடத்தில் ஹீற்றரைப் போடாதீர்கள். தெர்மோஸ்ரற் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு சிறு பொறி பறக்கும்.

ஹீற்றருக்கு மேல் துணி உலர்த்த வேண்டாம். நிறுத்தும் முன் சில நிமிடம் விசிறியை மட்டும் ஓடவிட்டு உள்ளே குளிரவிடுங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டுத் தூசு துடையுங்கள். ஆள் இல்லாத இடத்தில் இரவு முழுக்க விடவே வேண்டாம். குழாய் உறையாமல் இருக்கக் குழாய்க்கு உறை போடுங்கள், அல்லது தண்ணீரை அடைத்து வடித்துவிடுங்கள்.

மண்டபங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் உள்ள ஹீற்றர்களை எங்கள் விருப்பப்படி திறக்கக்கூடாது. வேலைத்தலங்களிலுள்ள மின்சாதனங்களை ஆபத்தில்லாத நிலையில் பராமரிக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மின்சார விதிகள் கூறுகின்றன. தொண்டர்கள் பழுதைக் கண்டால் பிளக்கைக் கழற்றி, 'பாவிக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டி, பொறுப்பானவரிடம் சொன்னால் போதும்.

பழைய ஹீற்றரை இன்னொருவருக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள், அல்லது திறந்து பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதில் என்ன செய்து வைத்தோம் என்பது எங்களுக்கே மறந்துபோயிருக்கும்.

மாணவர்களுக்கு மூன்று வினாக்கள்

1. 230 வோல்ற்றில் 2 கிலோவாற்று ஹீற்றர் ஒன்று இழுக்கும் மின்னோட்டம் எவ்வளவு? அதன் தடை எவ்வளவு?

2. தெர்மோஸ்ரற் வேலை செய்யாத 3 கிலோவாற்று ஹீற்றர் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை எரிந்தால் எத்தனை யூனிற் செலவாகும்? வீட்டு மின்கட்டணப் பட்டியலைப் பார்த்து அதன் விலையையும் கணியுங்கள்.

3. தெர்மோஸ்ரற் ஏற்கனவே இருக்க, காவல் சுவிச் ஒன்று தனியாக ஏன் வேண்டும்?

விடைகள்: (1) ஏறக்குறைய 8.7 அம்பியர், 26.5 ஓம். (2) 24 யூனிற். (3) தெர்மோஸ்ரற் பழுதானாலோ, விசிறி நின்றாலோ, காற்று அடைபட்டாலோ காப்பதற்கு. மூன்றாவது விடையை அம்மா அப்பாவிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சரியாகச் சொன்னால், உங்கள் வீட்டு ஹீற்றரைப் பற்றி எனக்குக் கவலை குறையும்.